சுவாமி படத்துக்குப் பின்னால் ஒரு கவர்

உ
முக்கூடல்
18-7-95

அன்புள்ள அத்தானுக்கு,

சங்கரி எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். ஆடி முடிகிறவரை புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை. பேட்டைக்கும் முக்கூடலுக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ்தான். இதற்குப் போய் இன்லண்ட் வாங்கி எழுத வேண்டியிருக்கிறது. கல்யாணமாகி நாற்பது நாள்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் அத்தையின் ரசமும் உங்கள் குறட்டையும் இல்லாமல் என்னவோ போல் இருக்கிறது.

இனி விஷயம். நான் வந்து காலைக் கழுவியதும் அப்பா ஒரு கவரை நீட்டினார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறது. எம்.எஸ்ஸி. வேதியியலில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. மொத்தமே பன்னிரண்டு இடம். இந்த மாதம் 31ஆம் தேதி திங்கட்கிழமை மூன்று மணிக்குள் அசல் டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுத்துச் சேர வேண்டும். தவறினால் அடுத்த பெயருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நம் கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்னால் விண்ணப்பித்தது இது. கிடைக்கவா போகிறது என்று மறந்தே போயிருந்தேன். அதனால்தான் நீங்கள் அஞ்சல் வழிக் கல்விக்குப் படிவம் வாங்கி வந்தபோது மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். என் டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் அந்தப் படிவத்தோடு உங்களிடம் கொடுத்த கவருக்குள் இருக்கின்றன. டி.சி. ஒன்றுதான், ஓரிடத்தில் கொடுத்தால் இன்னோரிடத்தில் சேர முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கவரை இன்னும் அனுப்பவில்லை என்றால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

ஆவணியில் அங்கே வந்த பிறகு பேட்டையிலிருந்தே பஸ்ஸில் போய் வருவேன். காலைச் சமையலை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அத்தைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன். நல்ல பதிலாக எழுதுங்கள்.

தங்கள்
சங்கரி


பேட்டை
20-7-95
(கார்டு)

சங்கரிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மேலே படிப்பதென்றால் அஞ்சல் வழியில்தான் என்று நிச்சயதார்த்தத்தன்று பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தாயிற்று. மாமாவும் சரி என்றார். நீயும் தலையாட்டினாய். கழுத்தில் தாலி ஏறியதும் பேச்சை மாற்றுவது அழகில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. எம்.ஏ. பொருளாதாரத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம், தடுப்பார் இல்லை. இது பற்றி இனி எழுத வேண்டாம்.

கணேஷ்ராம்


முக்கூடல்
22-7-95

அத்தானுக்கு,

அன்புள்ள என்று தொடங்கப் பேனாவை எடுத்தேன், வரவில்லை. மன்னிக்கவும்.

நான் ஒட்டி அனுப்பிய கடிதத்துக்கு நீங்கள் கார்டில் பதில் எழுதியிருக்கிறீர்கள். போஸ்ட்மேன் மாடக்கண்ணு தெருமுனையிலேயே அதைப் படித்து முடித்துவிட்டார். "என்ன தாயி, மாப்ள காலேசுக்குப் போவாண்டாம்னுட்டாகளாமே" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா கையில் கொடுத்தார். அப்பா படித்தார்கள். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். எதிர்வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் எண்ணவில்லை. நமக்குள் இருக்க வேண்டியதை இப்படித் தெருவில் போட்டுவிட்டு, அழகைப் பற்றி எனக்குச் சொல்கிறீர்கள்.

தலையாட்டினேன் என்கிறீர்கள். காப்பித் தட்டைக் கையில் கொடுத்து, பத்துப் பேர் முன்னால் நிறுத்தி, "என்னம்மா சம்மதந்தானே" என்றால் தலையாட்டாமல் வேறு எதை ஆட்டுவது?

பொருளாதாரம் படிக்கலாம் என்று பெரிய மனது பண்ணியிருக்கிறீர்கள். மூன்று வருஷம் நான் படித்தது வேதியியல். அது தபாலில் இல்லையாம், அதனால் பொருளாதாரமாம். துவரம்பருப்பு தீர்ந்துபோயிற்று, உளுந்து கட்டட்டுமா என்று கேட்கிற கடை மாதிரி இருக்கிறது. பியூரெட்டைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் நான். எனக்குக் கைவந்த காரியம் அது ஒன்றுதான். அதை எந்தப் போஸ்ட்மேன் கொண்டுவந்து கொடுப்பார்?

வருஷத்துக்கு நாலு கட்டுக் காகிதம் வரும், படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம், கடைசியில் ஒரு பட்டம் வரும். அப்படித் தபாலில் வாங்குகிற டிகிரி எனக்கு வேண்டாம்.

31ஆம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

சங்கரி


பேட்டை
24-7-95

சங்கரிக்கு,

இன்லண்டிலேயே எழுதுகிறேன். நன்றாக ஒட்டியும் அனுப்புகிறேன்.

தபாலில் வாங்குகிற டிகிரி உனக்கு வேண்டாம். சரி. நான் வாங்கியது அதுதான். உனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று போடச் சொன்னது உன் அப்பாதான். அப்போது அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் அப்பா போனபோது எனக்குப் பதினெட்டு வயது. காலேஜில் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. இருபத்தோராம் நாள் இந்தப் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக உட்கார்ந்தேன். படிவம் வாங்கி நானே நிரப்பினேன். மத்தியானம் மற்றவர்கள் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது நான் பேரிங் பெட்டி மேல் பாடத்தை விரிப்பேன். பக்கத்தில் லேத் ஓடிக்கொண்டிருக்கும், வாய்விட்டுப் படித்தால் என் குரல் எனக்கே கேட்காது. என் பாடக்கட்டில் கிரீஸ் படாத தாள் ஒன்று காட்டிவிடு பார்க்கலாம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் வகுப்பு, பாதி நாள் நின்றுகொண்டேதான் போவேன். இரண்டாம் வருஷம் ஒரு பாடக்கட்டு பரீட்சை முடிந்து பதினொரு நாள் கழித்து வந்து சேர்ந்தது. அந்தத் தாளிலும் நான் பாஸ்.

படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். உன்னைக் காலேஜ் வாசலில் கொண்டுபோய் விட ஒரு அப்பா இருந்தார்.

இனிப் பேசிப் பயனில்லை. உன் விண்ணப்பத்தை ஆனி கடைசி வெள்ளிக்கிழமையே ரிஜிஸ்தரில் அனுப்பிவிட்டேன். டி.சி. அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

கணேஷ்ராம்


முக்கூடல்
26-7-95

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேரிங் பெட்டியைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை. பரணில் கிரீஸ் பட்ட கட்டு ஒன்று கிடக்கிறது, அது என்ன என்று ஒருநாள் அத்தையிடம் கேட்டேன். "கணேசன் சாமான், தொடாத" என்றார்கள். பட்டறைக் காகிதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது. அது தப்பு. கோபத்தில் எழுதினேன் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் மன்னிப்புக் கேட்பது வார்த்தைக்குத்தான், காலேஜுக்கு அல்ல. உங்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று, நீங்கள் அந்த ஒரு வழியில் மூச்சுப்பிடித்து நடந்தீர்கள். எனக்கு வழி இருக்கிறது. நீங்கள் பட்ட கஷ்டத்தை நானும் பட வேண்டும் என்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

கவர் போய்விட்டது என்றால் போகட்டும். எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். ரிஜிஸ்தர் ரசீதில் இருக்கும் எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள். அதைக் காட்டி நானே நேரில் போய் டி.சி.யைத் திருப்பிக் கேட்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. நாளைக்கே எழுதினால்கூட நேரம் இருக்கிறது.

எண் மட்டும் போதும்.

சங்கரி


முக்கூடல்
29-7-95

அத்தானுக்கு,

பதில் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் தபால் வந்து சேராது என்பதால் இதைக் கண்டக்டர் கொம்பையா அண்ணாச்சியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் பஸ் பேட்டை ரயில்வே கேட் வழியாகத்தான் போகிறது, பட்டறையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

நேற்று ஆடி வெள்ளி. காந்திமதி அம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி, பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். நீங்கள் பட்டறையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தேன், முகம் பார்த்த தோஷம் உங்களுக்கு வேண்டாம். அலமாரியில் அந்த ரசீது இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வந்தேன். பொய் சொல்லி வந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

அத்தை கதவைத் திறந்து, "ஏட்டி, ஆடியில இங்கன வரலாமா? சரி, வந்தது வந்துட்ட, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்கள். ரசீதைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள்.

"ரசீதா? கவரே இன்னும் போவலையே. வெள்ளிக்கெழம பதினோரு மணிக்குக் கெளம்புதான், ராகு காலத்துல. நாந்தான் நிறுத்தினேன். சனிக்கெழம வேண்டாம்னேன், ஞாயித்துக்கெழம போஸ்டாபீஸ் கெடையாது, திங்கக்கெழம ஆடி பொறந்துட்டு. நல்ல காரியத்த ஆடியிலயா தொடங்குவாக? ஆவணி பொறக்கட்டும்னு சாமி படத்துக்குப் பின்னால வைக்கச் சொன்னேன். அவனுக்குத் தெரியுமே, அவன்தான வச்சான்."

அத்தை அடுக்களைக்குள் போனதும் பூஜை அலமாரி பக்கம் போய்ப் பார்த்தேன். நடராஜர் படத்துக்குப் பின்னால் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். என் கையெழுத்து. தபால் தலைகூட ஒட்டியிருந்தது.

எடுத்துப் பையில் போட எனக்கு அரை நிமிஷம் போதும். கைகூட நீட்டிவிட்டேன். எடுக்கவில்லை.

திருடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டு ஆவணியில் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படியேறுவேன்? நாலு மாதம் கழித்து உங்களுக்கு ஒரு கோபம் வரும்போது, "எடுத்துக்கொண்டு ஓடியவள்தானே" என்று வரும். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அத்தான், கூடாது என்று நீங்கள் சொன்னதைவிட, அனுப்பிவிட்டேன் என்று சொன்னதுதான் தாங்கவில்லை. கூடாது என்று சொன்னால் உங்களோடு சண்டை போடலாம். பொய்யோடு எப்படிச் சண்டை போடுவது?

திங்கட்கிழமை காலையில் கவரோடோ கவரில்லாமலோ நான் பாளையங்கோட்டைக்குப் போவேன். மூன்று மணி வரை அங்கே இருப்பேன். டி.சி. என் கைக்கு வருவதென்றால் நீங்கள் கொடுத்துத்தான் வர வேண்டும். வராவிட்டால் ஆவணியில் வந்து சமைப்பேன், அத்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன், பொருளாதாரமும் படிப்பேன். ஆனால் நீங்கள் சொல்கிற எதையும் அதற்குப் பிறகு ரசீது கேட்காமல் நம்ப என்னால் முடியாது.

சங்கரி


பேட்டை
30-7-95
ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள சங்கரிக்கு,

கொம்பையா அண்ணாச்சி நேற்று பட்டறைக்கே வந்து கடிதத்தைக் கொடுத்தார். "வே, மருமவன், வீட்டம்மா மொகமே சரியில்ல. என்னன்னு பாரும்" என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆமாம், பொய்தான். ரசீது எண் கேட்டு நீ எழுதியதும் உட்கார்ந்து யோசித்தேன். நாலு இலக்கத்தில் ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான் என் யோக்கியதை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பட்டம் வாங்கிய வருஷம் ஒரு கம்பெனியில் கணக்கர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். நடுவில் இருந்தவர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெகுலரா, தபாலா?" என்றார். தபால் என்றேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் இல்லை. வெளியே வந்து, பஸ் ஏறாமல், ஜங்ஷன் வரை நடந்தே வந்தேன். எம்.காம். படிக்க வேண்டும் என்று வைத்திருந்த ஆசையை அன்றோடு மூட்டை கட்டினேன். அந்தப் பாடக்கட்டைப் பரணில் போட்டதும் அன்றுதான்.

நீ பாளையங்கோட்டையில் படித்து, எம்.எஸ்ஸி. முடித்து, ஒருநாள் அதே மாதிரி லேசாகச் சிரித்துவிடுவாயோ என்று பயந்தேன். உன் கடிதத்தில் தபால் டிகிரி என்று படித்தபோது, இதோ சிரித்துவிட்டாள் என்று தோன்றியது. இரண்டு பேரும் தபாலிலேயே படித்துவிட்டால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது. எனக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது என்று நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவரை எடுத்தேன்.

"ஏலே, அத ஏன் எடுக்க?"

"சங்கரிக்குக் குடுக்கணும். அவ காலேஜுல சேரப் போறா."

"ஆடியிலயா?"

"காலேஜு ஆவணி வரைக்கும் காத்திருக்காதும்மா. நாளைக்கு மூணு மணியோட சரி."

அம்மா சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தபால்ல படிச்ச நீ கெட்டா போயிட்ட?" என்று கேட்டாள். நான் அந்த நேர்முகத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். "இத ஏம்ல அன்னைக்கே எங்கிட்ட சொல்லல" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் அடுக்களைக்குள் போய்விட்டாள். வந்து எனக்குச் சோறு போட்டாள்.

கை கழுவும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முந்தி கொண்டு போய்க் குடு. நாளைக்கு அவள ஏழரைக்கு முன்னால வீட்ட விட்டு எறங்கச் சொல்லு, பெறவு ராகு காலம் வந்துரும்." கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. மூட்டு வலிக்கு யார் எண்ணெய் தேய்ப்பது என்பது இன்னும் பாக்கி இருக்கிறது. ஆவணியில் நீயும் நானும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

நாலு மணி பஸ்ஸில் கொம்பையா அண்ணாச்சி வருவார். டி.சி., மதிப்பெண் பட்டியல் இரண்டையும் கவரிலிருந்து எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நான் கொடுத்துத்தான் வருகிறது.

கணேஷ்ராம்


முக்கூடல்
1-8-95

அன்புள்ள அத்தானுக்கு,

சேர்ந்துவிட்டேன்.

ஏழே காலுக்கெல்லாம் அப்பாவும் நானும் தெருவில் இறங்கிவிட்டோம், அத்தையிடம் சொல்லுங்கள். வழியில் அப்பா, "மாப்பிள்ளை குடுத்தனுப்பிட்டாகள்லா, பெறவென்ன" என்று ஒருதரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்கள்.

ஆபீஸில் இருந்த கிளார்க் டி.சி.யை வாங்கி மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "என்னம்மா, ஓரமெல்லாம் மஞ்சளா இருக்கு?" என்றார். கவரில் தடவியது உள்ளே இறங்கிவிட்டது போல. சுவாமி படத்துக்குப் பின்னால் இருந்தது என்றேன். பிறகு படிவத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கணவர் படிப்பு என்ற இடத்தில் விரலை வைத்து, "பி.காம்.னு போட்டிருக்கீங்க. ரெகுலரா, தபாலா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாளைக்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான் என்பதும் ஞாபகம் வந்தது. "தபால்தான் சார். லேத் பட்டறையில வேலை பாத்துக்கிட்டே படிச்சாக" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கோவப்படாதீங்க. நானும் தபால்தாம்மா. ஆறு வருசம் எடுத்துக்கிட்டேன், அவரு எத்தன வருசத்துல முடிச்சாரு?" என்றார். மூன்றே வருஷம் என்று சொன்னேன். "பெரிய ஆளுதான்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

பொய்யை இன்னும் முழுசாக மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்கிறேன். அந்தக் கவரை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

தங்கள்
சங்கரி


பேட்டை
4-8-95
(கார்டு)

அன்புள்ள சங்கரிக்கு,

தெரிந்தேதான் கார்டில் எழுதுகிறேன். மாடக்கண்ணு அண்ணாச்சி தெருமுனையில் நின்று படிக்கட்டும். மாமாவும் அத்தையும் எதிர்வீட்டுக்காரர்களும் படிக்கட்டும். என் மனைவி பாளையங்கோட்டைக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். பன்னிரண்டு இடத்தில் ஒன்று அவளுடையது. நான் படித்தது தபாலில். எம்.காம். படிக்கப் போவதும் தபாலில்தான். நேற்றுப் படிவம் வாங்கி நிரப்பி அந்தக் கவருக்குள்ளேயே வைத்தேன், தபால் தலை வீணாகவில்லை. இன்று காலை ரிஜிஸ்தர் பண்ணக் கிளம்பும்போது மேஜையில் கவரைக் காணோம். அம்மா எடுத்துச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஆவணி பிறக்கட்டுமாம்.

கணேஷ்ராம்